ஒரே தாளில் இருவர்

"சேத்து எழுத முடியாது. நீங்க ரெண்டு பேரும் புருசன் பொண்டாட்டியே இல்ல" என்றார் வரி குமாஸ்தா சுப்பிரமணியன்.

ஜானகிராமன் மனைவியைப் பார்த்தான். செல்வாம்பாள் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தாள்.

விழுப்புரம் பக்கத்திலிருந்து புதுச்சேரிக்குப் பிழைக்க வந்தவர்கள். ஒரே அறையில் இரண்டு தையல் மெஷின். அவன் சட்டை, அவள் ரவிக்கை. தம்பதியென்றால் புருஷன் பேரில் ஒரே தாள், ஒரே தொழில் வரி. இல்லையென்றால் இரண்டு. இரண்டு கட்டினால் கடையை மூட வேண்டியதுதான்.

"கோயில்ல தாலி கட்னேன் சார்."

"மேரியில பதிஞ்சியா?"

மேரி என்றால் நகரசபை. பிரெஞ்சுக்காரன் போய் நாலு வருஷமாகியும் அந்தப் பேரும் பதிவேடும் போகவில்லை.

ஜானகிராமன் ஊரிலிருந்து இரண்டு சாட்சிகளைக் குமாஸ்தாவிடம் கூட்டிவந்தான்.

"தாலி கட்னத பாத்தீங்களா?"

"பந்திக்குத்தான் சார் வந்தோம். பாயசம் நல்லா இருந்துச்சு."

இனி மேரியிலேயே புதிதாகக் கட்டிக்கொள்வதுதான் வழி. பத்து நாள் அறிவிப்பு ஒட்டினார்கள்: 'ஜானகிராமன், பிரம்மச்சாரி. செல்வாம்பாள், கன்னி. ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம்.'

மறுநாள் காலை வீட்டுக்காரி அஞ்சலாட்சி வாசலில் நின்றாள்.

"கல்யாணமே ஆவாமயா என் ரூம்ல குடும்பம் நடத்துன? பாவி!"

"ஆயிடுச்சுக்கா. அதான் இப்ப ஆவப்போவுது."

ஜானகிராமனின் இந்த விளக்கம் எடுபடவில்லை. பெண்ணையும் குழந்தையையும் ரவிக்கை மெஷினையும் அஞ்சலாட்சி தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாள். ஜானகிராமன் சோறு கேட்டுப் போனான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளைக்கு இங்க இன்னா வேல?"

பசி மயக்கத்தில் அவன் ஒரு சட்டைக்கு மூன்று கை வைத்தான். செல்வாம்பாளோ அங்கே தைத்தாள். கூலியை அவளே வாங்கினாள். சாயங்காலம் கடற்கரைக்குப் போனாள்.

பதினோராம் நாள். வரி கட்டக் கடைசி நாளும் அதுதான். மேரி அதிகாரி நாராயணசாமி எழுந்து நின்றார்.

"ஜானகிராமன், இந்தப் பெண்ணை மணக்கச் சம்மதமா?"

"சம்மதம் சார். ரொம்ப சம்மதம்."

"செல்வாம்பாள், உனக்கு?"

ஜானகிராமன் அவளை முழங்கையால் இடித்தான். சுவர்க் கடிகாரம் பதினொன்று அடித்து ஓய்ந்தது.

"சொல்லும்மா. உன் சம்மதம் இல்லாம இது நடக்காது."

செல்வாம்பாள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மரியாதையாகக் கேட்டாள்:

"போன தடவ யாரும் இதக் கேக்கலீங்க. இல்லன்னும் சொல்லலாமா?"