நாற்பத்திரண்டு கிலோ

"நாப்பத்திரண்டு கிலோன்னு யாரு சொன்னது?" என்று இயக்குநர் கேட்டார்.

"அட்டையில போட்டிருக்கு சார்."

"அட்டையை யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

"உங்களுக்கு யாரு சொன்னது?"

டெம்பரவரி மேசைமேல் கிடந்த தலையணையைக் காட்டினார்.

தலையணை என்பது அந்த அருங்காட்சியகத்தில் இருந்த ஒரே ஆயுதப் புத்தகம். வயது நூறுக்கு மேல். மனிதன் மனிதனைக் குத்துவதற்கும், குத்துப்படாமல் இருப்பதற்கும் இதுவரை செய்துகொண்ட அத்தனைக்கும் அதில் படமும் அளவும் இருந்தன. மதியம் காவலாளி அதைத் தலைக்கு வைத்துப் படுப்பதால் அந்தப் பெயர்.

டெம்பரவரியும் அவருடைய பெயர் அல்ல. பதினோரு வருஷத்துக்கு முன் ஆறு மாதத்துக்கென்று தற்காலிகமாகச் சேர்ந்தவர். சொந்தப் பெயரை வருகைப் பதிவேடு மட்டும்தான் இன்னும் மறக்கவில்லை. மாமியார்கூடச் சொந்தக்காரர்களிடம் "நம்ம டெம்பரவரி மாப்பிள்ளை" என்றுதான் சொல்லுவார். மாப்பிள்ளை பதவியும் இன்னும் உறுதியாகவில்லை என்பதுபோல அது காதில் விழும்.

"நாளைக்கு வர்ற அம்மா யாருன்னு தெரியுமா?" என்றார் இயக்குநர். "இந்த மாதிரிப் பழைய புத்தகங்களைத் தோலுரிச்சுத் தொங்கவிடறதுதான் அவங்களுக்கு வேலை. அந்தக் காலத்து ஆளுங்க ஒரு கவசத்தையும் எடை போட்டுப் பாத்ததில்ல, ஒருத்தர் விட்ட கதையை அடுத்தவர் காப்பி அடிச்சாரு, அவரைப் பாத்து இன்னொருத்தர் அடிச்சாருன்னு எழுதியிருக்காங்க. போர்க்கவசம் இருபது, மிஞ்சிப்போனா இருபத்தஞ்சு கிலோதானாம். அவங்க வந்து நம்ம அட்டையில நாப்பத்திரண்டைப் பாத்தா?"

டெம்பரவரி நினைத்துப் பார்த்தார்.

"அவங்க நல்லபடியா எழுதிக் குடுத்தா ஆயுதக்கூடம் நிரந்தரம். கூடம் நிரந்தரம்னா அதுக்கு ஒரு ஆளும் நிரந்தரம். இல்லேன்னா கூடத்துக்குப் பூட்டு."

"ஆளுக்கு சார்?"

இயக்குநர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

அரைமணியில் டெம்பரவரி புது அட்டை அடித்துப் பழையதன்மேல் ஒட்டினார். எடை: இருபத்திரண்டு கிலோ.

"இருபத்திரண்டுன்னு யாரு சொன்னது?" என்றார் இயக்குநர்.

"அந்த அம்மாவோட கட்டுரையில இருந்தது சார்."

"அவங்க சரக்கை அவங்ககிட்டயே விக்கறீங்களா? எடை போட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன சொல்வீங்க?"

ஆகவே எடை போடுவது என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை எட்டரைக்கே டெம்பரவரி வீட்டு எடை எந்திரத்தைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். நிபுணர் வருவதாகச் சொன்னது பதினொன்றுக்கு. நேரம் தாராளம்.

கவசம் கூடத்தின் நடுவில், முழங்கால் உயரப் பீடத்தில் நின்றது. உச்சி முதல் உள்ளங்கால் வரை இரும்பு. தனித்தனியாகக் கழற்றி எடை போடலாமென்றால் எல்லாம் ஒன்றோடொன்று ஆணியடித்து இணைந்திருந்தது. முதுகுப்பக்கம் மட்டும் அலமாரிபோலத் திறந்திருந்தது. உள்ளே தாங்கி நின்ற கட்டையை உருவியதும் அது குடிகாரனைப்போல மடங்கி உட்கார்ந்தது. எந்திரமோ இரண்டு பாதம் கொள்ளும் அளவு. கையைத் தூக்கி வைத்தால் கால் சரிந்தது. காலைத் தூக்கி வைத்தால் தலை தரையில் இடித்தது.

காவலாளி கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். "நீங்க இதைப் போட்டுக்கிட்டு ஏறி நின்னா என்ன சார்? உங்க எடையைக் கழிச்சா தீர்ந்துது."

அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. டெம்பரவரி முதலில் தன்னை மட்டும் மூன்று தடவை எடை போட்டுக்கொண்டார். மூன்று தடவையும் அறுபத்தொன்று. பிறகு கவசத்துக்குள் நுழைந்தார். முதுகில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. காவலாளி தோளைப் பிடித்துத் தூக்கிவிட, மெல்ல எந்திரத்தின்மேல் ஏறினார்.

"எவ்வளவு?"

"நூத்தி மூணு சார்."

"சரியாப் பாருங்க."

"நூத்தி மூணேதான்."

டெம்பரவரி கழித்தார். நாற்பத்திரண்டு. இன்னொரு தடவை கழித்தார். அப்போதும் நாற்பத்திரண்டுதான். நூறு வருஷப் புத்தகம், ஒரு கிலோகூடப் பிசகவில்லை. "அட்டையைப் பிரிங்க! பழையதுதான் சரி!" என்று உள்ளிருந்து கத்தினார்.

காவலாளி நகத்தால் புது அட்டையைச் சுரண்டினார். பசை நல்ல பசை. எண் இருந்த இடத்தில் புதியது பழையதையும் கிழித்துக்கொண்டு வந்தது. இப்போது அட்டையில் 'எடை' என்ற சொல்லும், அதற்குப் பக்கத்தில் ஓட்டையும் இருந்தன.

"போகட்டும். முதல்ல இதைத் திறந்துவிடுங்க."

"எப்படி சார் திறக்கறது?"

"நீங்கதானே மூடினீங்க?"

"நான் எங்க மூடினேன்? அதுவா மூடிக்கிச்சு."

காவலாளி இழுத்தார். குத்தினார். ஒரு காலைப் பீடத்தில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். கவசம் டெம்பரவரியோடு சேர்ந்து முன்னும் பின்னும் போய்வந்தது.

"தலையணையில பாருங்க. எப்படிக் கழட்டறதுன்னு இருக்கும்."

காவலாளி பக்கத்தைத் தேடி எடுத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். "'கவசத்தைக் களையும் முறையாவது: அதனை வீரனின் ஏவலர் இருவர் செவ்வனே செய்வர்.'"

"எப்படிச் செய்வாங்க?"

"செவ்வனே செய்வாங்களாம் சார். அவ்வளவுதான் போட்டிருக்கு. ஆனா ரெண்டு பேர் வேணும். இங்க நான் ஒருத்தன்தான்."

கதவுக் கீலுக்கு விடும் எண்ணெய் ஒரு புட்டி இருந்தது. அதை மூட்டுக்கு மூட்டு ஊற்றினார்கள். முதுகு அசையவில்லை. ஆனால் நெற்றிக்குமேல் தூக்கி நின்ற முகத்தகடு எண்ணெய் பட்டதும் வழுக்கி இறங்கி, மோவாயில் பூட்டிக்கொண்டது. அதன் பிறகு டெம்பரவரிக்கு உலகம் ஒரு விரற்கடை அகலத்தில் தெரிந்தது.

அந்த அகலத்துக்குள் வாசலில் ஒரு கார் வந்து நிற்பது தெரிந்தது. மணி ஒன்பதரை. நிபுணர்கள் தாமதமாகத்தான் வருவார்கள் என்று அவரிடம் யார் சொன்னது என்று யோசித்தார். யாரும் சொல்லவில்லை.

"ஏறி நில்லுங்க சார், ஏறி நில்லுங்க," என்று காவலாளி அவரைப் பீடத்துக்குத் தள்ளினார்.

நிபுணர் சின்ன உருவமுள்ள அம்மா. கழுத்தில் பூதக்கண்ணாடி, கையில் அளவுநாடா, கக்கத்தில் குறிப்பேடு. இயக்குநர் கைகட்டிப் பின்னால் வந்தார்.

"டெம்பரவரி எங்கய்யா?" என்று காவலாளியிடம் கிசுகிசுத்தார்.

"உள்ளதான் சார் இருக்காரு."

"சரி, இருக்கட்டும். வெளியில வர வேணாம்னு சொல்லு."

"வர மாட்டாரு சார்."

நிபுணர் கவசத்தை ஒருமுறை சுற்றிவந்தார். "என்ன, எண்ணெய் வடியுது?"

"பராமரிப்பு மேடம்," என்றார் காவலாளி.

மார்பில் விரலை மடக்கித் தட்டினார். "சத்தம் கட்டையா வருதே. உள்ள வெத்தா இருந்தா இப்படி வராதே?"

"பழைய இரும்பு மேடம்."

டெம்பரவரி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

நிபுணர் தலையணையைக் கொண்டுவரச் சொன்னார். செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் அட்டையைத் திறந்தார். "இந்தப் புத்தகமா? இதுல ஒரு அளவு நிஜமா இருந்தா நான் தொழிலையே விட்டுடறேன்," என்று சொல்லி அளக்கத் தொடங்கினார்.

தோள் அகலம் புத்தகத்தில் இருந்தபடியே இருந்தது. மார்பில் குமிழாணி முப்பத்தாறு என்று போட்டிருந்தது. எண்ணினார். முப்பத்தாறு. முழங்கால் தகட்டில் ஏழு வரி. ஏழு. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. ஆணிகளை மறுபடி எண்ணினார். முப்பத்தைந்துக்கு அவர் ஏங்குவது பார்த்தாலே தெரிந்தது.

"எடை போடணும்," என்றார் கடைசியில். எந்திரம் காலடியிலேயே கிடந்தது.

இயக்குநர், காவலாளி, கார் ஓட்டுநர் மூன்று பேரும் சேர்ந்து தூக்கினார்கள். டெம்பரவரியும் தன்னால் ஆனதைச் செய்தார். லேசாக எம்பிக் கொடுத்தார்.

நிபுணர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

"நூத்தி மூணு! இதைப் போட்டுக்கிட்டு எவன் சண்டைக்குப் போவான்? வாசல் வரைக்கும்கூடப் போக முடியாது. யாரையோ ஏமாத்தறதுக்குச் செஞ்சது இது. சுத்தப் போலி." குறிப்பேட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார். "கூடத்தை மூடிடலாம்னு எழுதறேன்."

பேனா தாளைத் தொடப்போனது. டெம்பரவரியின் கண்முன் பதினோரு வருஷம் வந்தது. அதன் பின்னாலேயே மாமியாரும் வந்தார்.

"அதுல அறுபத்தொண்ணு நான் மேடம்," என்றது கவசம்.

கார் ஓட்டுநர் இரண்டே எட்டில் வெளியே போய்விட்டார். இயக்குநர் உட்காருவதற்கு நாற்காலி தேடினார். காவலாளி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிபுணர் மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "வெறும் வயித்துலயா, சாப்பிட்டுட்டா?"

"ரெண்டு வாழைப்பழம் மேடம். அதுக்கப்புறம்தான் எடை பாத்தேன். மூணு தடவை."

"செருப்பு?"

"கழட்டிட்டேன் மேடம்."

குறிப்பேட்டின் ஓரத்தில் கழித்துப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்தார். பிறகு பீடத்தின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார்.

"இருபது வருஷம். இருபது வருஷமா இந்தப் புத்தகத்தைத் திட்டித் திட்டி எழுதியிருக்கேன். ஆணியிலேர்ந்து எடை வரைக்கும் ஒண்ணுகூடத் தப்பில்லையே!"

"அவசரப்படாதீங்க மேடம்," என்றது கவசம்.

ஆனால் நேர்மையான அம்மா. குறிப்பேட்டை மடியில் வைத்து அங்கேயே அறிக்கை எழுதினார். கவசம் அசல், ஐந்நூறு ஆண்டுப் பழமை. புத்தகம் பிழையற்றது, மறுபதிப்புச் செய்யத்தக்கது. தான் இதுவரை எழுதியவற்றைத் திரும்பப் பெறுகிறார். கூடம் நிரந்தரமாக வேண்டும். புத்தகத்தை அப்படியே நம்பாமல் தன் உடம்பையே படிக்கல்லாக வைத்துச் சோதித்த ஊழியரும் நிரந்தரமாக வேண்டும். இயக்குநர் அதன் கீழேயே கையெழுத்துப் போட்டார். முகத்தகட்டின் இடுக்குக்கு நேராகக் காவலாளி தாளைப் பிடித்துக் காட்டினார். டெம்பரவரி 'நிரந்தரம்' என்ற சொல்லை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

இனி அவரை வெளியே எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

பின்தெருவில் ஜன்னல் கம்பி செய்யும் பட்டறை இருந்தது. ஆள் போய்ச் சொன்னதும் பட்டறைக்காரர் இரும்பு வெட்டும் கருவியோடு வந்துவிட்டார். எழுபது வயதிருக்கும், இன்னும் இறுகிய கைகள். நிபுணர் கவசத்துக்குக் குறுக்கே கைகளை விரித்து நின்றார்.

"ஐந்நூறு வருஷத்துப் பொருள்! ஒரு கீறல் விழக்கூடாது. ஆளுக்கு விழுந்தா பரவாயில்ல."

பட்டறைக்காரர் அவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். கருவியைக் கீழே வைத்தார். வலது அக்குளுக்குக் கீழே கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். முதுகு 'டக்' என்று திறந்தது. அவித்த கிழங்கு தோலைவிட்டு நழுவுவதுபோல டெம்பரவரி, எண்ணெயும் வியர்வையுமாக, தரையில் வந்து உட்கார்ந்தார்.

நிபுணர் பரவசமாகிவிட்டார். குறிப்பேட்டில் புதுப் பக்கம் புரட்டினார். "இந்த விசை உலகத்துல எந்தப் புத்தகத்துலயும் இல்லாத விஷயம். உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சது?"

"புத்தகத்துல பின்பக்கம் படம் இல்லீங்களே, அதனால கொக்கியை மட்டும் எங்கப்பா தன் இஷ்டத்துக்கு வெச்சாரு," என்றார் பட்டறைக்காரர், கருவியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டே. "ஒரு பணக்காரர் வீட்டு மாடிப்படி ஓரத்துல நிறுத்தறதுக்குக் கேட்டாங்க, ஆணி கூடாம குறையாம எல்லாம் இந்தப் புத்தகத்தைப் பாத்தேதாம்மா அடிச்சோம், எடைதான் என்ன பண்ணியும் இருபத்திரண்டுக்கு மேல ஏறல, மீதிக்கு உள்பக்கமா ஈயத்தை ஊத்திட்டோம்."