உங்கள் பைல் இன்னும் கிடைக்காத காரணம்

ஊட்டி
19.7.1974

அன்புள்ள மாப்பிள்ளை சுடலைமுத்து அவர்களுக்கு, மாமன் தங்கையா எழுதுவது. இவ்விடம் மழையைத் தவிர மற்றவை சுகம். கோத்தகிரியில் நீங்களும் மகள் தெய்வம்மாவும் குழந்தையும் சுகமாயிருக்க மாரியம்மன் துணை.

தாங்கள் எழுதிய மூன்று கடிதமும் கிடைத்தன. மூன்றாவதில் 'அன்புள்ள' என்ற சொல்லைக் காணோம், அவசரத்தில் விட்டிருப்பீர்கள். ரெக்கார்டு ரூமிலேயே வேலை பார்க்கிற மாமனுக்கு ஒரு பைல் எடுக்க இரண்டு மாதமா என்று கேட்டிருந்தீர்கள். சிலோனிலிருந்து வந்த உங்கள் குடும்பத்து பைல் மேசைக்குப் போனால்தான் ஆபீசர் கையெழுத்துப் போடுவார், கையெழுத்து விழுந்தால்தான் கீழே நூல் மில் வேலைக்கு நீங்கள் குடும்பத்தோடு போகலாம், மாதக் கடைசிக்குள் போகாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு, குழந்தையின் இழுப்புக்கு இந்தக் குளிர் ஆகாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் தாமதத்துக்குக் காரணம் நான் அல்ல.

முதல் காரணம் கதவு. மழையில் ஊதிக்கொண்டு திறக்காது. என்னோடு வேலை பார்க்கும் மாரப்பன் தோளால் இடிப்பார். திறந்த வேகத்தில் உள்ளே போய் ஏணியில் மோதுவார். அப்படி மோதித்தான் ஏணிக்குக் கால் உடைந்தது. ஏணி இல்லையென்று வராந்தா பெஞ்சைத் தூக்கி வந்தோம். உட்கார இடமில்லாமல் நின்ற ஜனங்கள் சத்தம் போட, ஆபீசர் வெளியே வந்துவிட்டார். ஒரு பைல் ஏன் இத்தனை மெதுவாக வருகிறது என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு சோதித்தார். பைல் கேட்டுச் சீட்டு எழுத இரண்டு நிமிடம், சீட்டு வராந்தாவைக் கடக்கப் பத்து நிமிடம், தேட நான்கு நாள். கடிகாரம் நடுவில் ஒருமுறை நின்றும் போனது.

அப்போதுதான் என் குட்டு வெளிப்பட்டது. பைல்களை நம்பர்படி அடுக்கச் சொல்லியிருந்தார்கள். நான் தோட்டம் தோட்டமாக, லயம் லயமாக, அங்கே இருந்த வரிசை வீடு மாறாமல் அடுக்கியிருந்தேன். சிலோனில் ஒரே சுவருக்கு இருபுறமும் குடியிருந்து அடுப்புக்கு நெருப்பு வாங்கிக்கொண்ட சனம், மாப்பிள்ளை. இங்கே ஒருத்தர் சோலூரில், ஒருத்தர் கூடலூரில், ஒருத்தர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியவில்லை. காகிதத்திலாவது பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன்.

"ஆபீசாய்யா இது, இல்ல லயமா?" என்று ஆபீசர் கத்தினார்.

"ஏனுங்க தங்கையா, காயிதத்துக்கெல்லாம் என்னுங்க அக்கம்பக்கம்?" என்றார் மாரப்பன். அவருக்குச் சொந்தபந்தம் எல்லாம் கூப்பிடு தூரத்தில்.

இப்போது எல்லாவற்றையும் நம்பர்படி பிரித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு லயமாகக் கலைக்கும்போது பெயர்களை ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் பிரிக்கிறேன். ஆபீஸ் விட்டால் பெர்ன்ஹில்லில் நான் தங்கியிருக்கும் அறையில் கதைக்க ஆளில்லை. அந்தப் பெயர்களைத்தான் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். இந்த வேலை முடியும்வரை உங்கள் பைலை யாராலும் எடுக்க முடியாது. கோபித்துக்கொள்ள வேண்டாம். தெய்வம்மாவுக்கும் குழந்தைக்கும் என் ஆசி. உங்கள் தாயாருக்கு வணக்கம்.

இப்படிக்கு,
மாமன் தங்கையா

பின்குறிப்பு: தெய்வம்மாவுக்கு மேலே உள்ளதை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் பைல் முதல் கடிதம் வந்த அன்றே கிடைத்துவிட்டது. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. சாப்பாட்டுப் பையில் போட்டு அறைக்குக் கொண்டுவந்து டிரங்குப் பெட்டியில் பூட்டிவைத்தேன். பிள்ளைக்கு இழுப்பு என்று தெரிந்தும் வைத்திருந்தேன். நீங்களும் இறங்கிப் போய்விட்டால் இந்த மலையில் எனக்கு யாரும் இல்லை என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. இன்று காலை நானே ஆபீசர் மேசையில் வைத்தேன், கையெழுத்தாகிவிட்டது. திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பைலைப் பூட்டிய நாளிலிருந்து உங்கள் முகத்தில் விழிக்க வரவில்லையே தவிர, ஞாயிற்றுக்கிழமையானால் கோத்தகிரி பஸ்ஸில் ஏறிப் பழகிவிட்டேன். இனி மில்லுக்கு எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.