மூலையில் முளைத்த பூசணம்

திரையில் தேயிலைத் தோட்டம் பச்சைப்பசேலென்று ஜொலித்தது, நான்கு மூலைகளைத் தவிர. எந்தப் படத்தைத் திறந்தாலும் மூலைகளில் இருட்டு அப்பிக் கிடந்தது.

பாலகுமார் கடிகாரத்தைப் பார்த்தான். கோத்தகிரியில் ஸ்டுடியோ திறந்து ஏழு வருடம் கழித்துக் கிடைத்த முதல் பெரிய வேலை, அழகர்சாமியின் டீ ஃபேக்டரி காலண்டர். நாலு மணிக்குள் படம் போகாவிட்டால் வேலை குன்னூர் ஸ்டுடியோக்காரனுக்குப் போய்விடும். கால் சுளுக்கியிருந்ததால், படமெடுக்க மச்சினிச்சி கனிஷ்காவிடம் கேமராவைக் கொடுத்தனுப்பியிருந்தான்.

"லென்சுன்னா ஓரம் கொஞ்சம் இருட்டத்தான் செய்யும். ரா ஃபைல்தான, கம்ப்யூட்டர்லயே சரி பண்ணிக்கலாம்" என்று தனக்கே தைரியம் சொல்லிக்கொண்டு, மூலை வெளிச்சத்தைக் கூட்டினான்.

இருட்டு விலகியது. உள்ளேயிருந்து மெல்லிய ரோமங்கள் எட்டிப் பார்த்தன. இன்னும் கூட்டினான். ரோமங்கள் ஊதா நிறத்தில் சிலிர்த்துக்கொண்டு நின்றன.

"சுகுணா! லென்சுல பூசணம் புடிச்சிருக்குது!"

"ஏனுங்க, போன வாரந்தான தொடச்சு வெச்சீங்க?" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

"நம்மூரு ஈரத்துக்கு ஒரு வாரம் போதாதா?"

ஈரத்தை உறிஞ்சட்டும் என்று லென்ஸை அரிசி டப்பாவில் புதைத்தான். அரைமணி கழித்து எடுத்தால் வளையம் திரும்பவில்லை. உள்ளே ஓர் அரிசி மாட்டிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதும் அரிசி வந்தது. கூடவே மூன்று கண்ணாடி, இரண்டு வளையம், ஒரு ஸ்பிரிங் எல்லாம் வந்தன. ஸ்பிரிங் துள்ளி பீரோவுக்கடியில் போய்விட்டது.

கண்ணாடிகளோ பளிச்சென்று இருந்தன.

"எங்கியோ ஒளிஞ்சுக்கிச்சு. பொல்லாத பூசணம்!"

அப்போது ஃபோன் அடித்தது. அழகர்சாமி.

"தம்பி, படம் ஆச்சுங்களா?"

பாலகுமாருக்குப் பயத்தில் கோபம் வந்துவிட்டது. "படமாங்கண்ணா? உங்க தோட்டத்துப் பனியில எம்பட லென்சே செத்துப் போச்சுங்க!"

பத்தே நிமிடத்தில் அழகர்சாமி நேரில் வந்து நின்றார். செய்தித்தாளில் பரப்பிக் கிடந்த உறுப்புகளைப் பார்த்ததும் தலையிலிருந்த குரங்குக் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எந்தோட்டத்தால உங்க பொழப்பு கெடக்கூடாது தம்பி. பிரஸ்ஸுல ஒரு வாரம் தவணை கேட்டுக்கறேன். இந்த வருசம் மட்டுமில்ல, அடுத்த வருசக் காலண்டரும் நீங்கதான்."

பாலகுமாருக்குக் கண் நிறைந்துவிட்டது. கும்பிடக் கையைத் தூக்கினான்.

கதவைத் தள்ளிக்கொண்டு கனிஷ்கா உள்ளே வந்தாள். பையிலிருந்து ஊதாக் கம்பளியில் பின்னிய வளையம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க மாமா, உங்க லென்சுக்குக் குளிருமின்னு அக்கா பின்னிக் குடுத்த ஸ்வெட்டரு. கொஞ்சம் லூசுங்க, படம் எடுக்க எடுக்க முன்னால நழுவிட்டே இருந்துச்சு."