பட்டாவும் பதினைந்து டிகிரியும்

குகட்பள்ளி
புதன்கிழமை

அன்புள்ள ஜெயந்த் அண்ணனுக்கு,

வசந்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மூவரும் நலம். ஒரு முழங்கை மட்டும் விசாரணையில் இருக்கிறது. உன் கடிதத்துக்கு இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுவதும் அதனால்தான்.

எங்கள் அபார்ட்மெண்ட் செயலாளர் லிஃப்டில் என்னை மடக்கி, "மேடம், ஆப்கி பேட்டி பட்டா மார்தி. ஃபைனல் மே நக்கோ!" என்றார். எனக்குப் புரிந்தது பட்டா ஒன்றுதான். லோன் போட்டு வாங்கிய ஃப்ளாட் ஏரிப் புறம்போக்கில் நிற்கிறதாக்கும் என்று பீரோவைக் கவிழ்த்து, உன் மச்சான் தினேஷை மீட்டிங்கிலிருந்து எழுப்பி, அவர் பில்டரை மிரட்டி, பில்டர் வக்கீலை அனுப்பி, வக்கீல் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது வர்ஷினி பள்ளியிலிருந்து வந்து, "அம்மா, பட்டா அன்ட்டே மாங்கா!" என்றாள். கிரிக்கெட்டில் கையை மடக்கிப் பந்தை எறிகிறாளாம், அதனால் ஃபைனலில் சேர்க்க மாட்டார்களாம். நம் ஊரில் மாங்கா போடுவது, இந்த ஊரில் பட்டா.

அதோடு விட்டாரா உன் மச்சான்? "வாய்ச்சண்டை எதுக்குடீ? பதினஞ்சு டிகிரிக்கு மேல முழங்கை நிமிர்ந்தாத்தான் தப்பு. டெக்னாலஜி இருக்கு, அளந்து காட்டறேன்" என்று இரண்டு கேமரா கொண்டுவந்து, சோபாவை நிமிர்த்தி நிறுத்தி, பிள்ளையின் தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றிலும் என் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினார். முதல் பந்து எழுபது டிகிரி. மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை. பார்த்தால், வேர்வையில் பொட்டு வழுக்கி இடுப்புக்குப் போயிருந்தது. அடுத்த பந்தில் கம்ப்யூட்டர் ஃபேன் இறக்கையைக் கையென்று நினைத்து முந்நூற்று அறுபது என்றது. ஒப்பிட்டுப் பார்க்கவாம், நான் தோசை திருப்புவதையும் அளந்தார். நாற்பத்தொன்று. "உனக்கு ஆயுள் தடைடீ" என்று சிரிப்பு வேறு. "சரி, ராத்திரி ஓட்டல்ல சாப்பிட்டுக்கங்க" என்றேன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை அண்ணே. அபார்ட்மெண்ட் டீமில் இவள் ஒருத்திதான் பெண் பிள்ளை. இப்போது நிறுத்திவிட்டால் அடுத்த வருஷம் கூப்பிடவே மாட்டார்கள். தட்டைத் தள்ளிவிட்டு, "நாக்கு அன்னம் வத்து" என்று, சோறே வேண்டாமென்று தெலுங்கில் அழுகிறாள்.

நேற்று ஒருவழியாக எல்லாப் பந்தும் பத்து டிகிரிக்குள் வந்தன. கலரில் பிரிண்ட் எடுத்து லிஃப்டில் ஒட்டினோம். செயலாளரோ உன் மச்சானிடம், "கம்ப்யூட்டர் உங்க வீட்டது. அம்பயர் எழுதித் தரணும்" என்கிறார். நீதான் மதுரை லீக்கில் அம்பயராயிற்றே! பிள்ளையின் கை சுத்தம் என்று ஒரு வரி எழுதிக் கூரியரில் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஃபைனல்.

மதினிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம்.

அன்புத் தங்கை
வசந்தி

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது வர்ஷினி சொல்கிறாள்: "டெஸ்ட்லதான்மா நேராப் போட்டேன். மேட்ச்ல மாங்காதான். லீவுல மாமாதானே சொல்லிக்குடுத்தாங்க!" நீ நல்லா இருப்பே அண்ணே. சான்றிதழெல்லாம் வேண்டாம். முழுக்கைச் சட்டை போட்டால் முழங்கை தெரியாமல் இருக்குமா, அதை மட்டும் போனில் சொல். உன் மச்சான் எடுத்தால் வைத்துவிடு.