மாடி அறையில் ஒரு தேசிய சாம்பியன் குடியிருப்பது பற்றி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. அங்கே உன் ரத்த அழுத்தமும் அத்தானின் கோபமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது. மருமகனுக்கு இந்த ஊரிலேயே வேலை கிடைத்ததில் எங்களுக்கு மெத்த மகிழ்ச்சி. "மாடி அறையைக் காலி பண்ணி வை, பிள்ளை மாசக் கடைசியில் பெட்டியோடு வந்து இறங்குவான்" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் நானும் என் மனைவியும் மாற்றி மாற்றிப் படித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா, அது முடியாது. ஏன் முடியாது என்பதை முதலில் கேட்டுக்கொள். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மாடியில் ஒரு பெண் குடியிருக்கிறாள் என்று போன கடிதத்திலேயே எழுதியிருந்தேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. அதிர்ந்து பேசமாட்டாள். குடிவந்த அன்று எந்த நாடு என்று என் மனைவி கேட்டதற்கு ஒரு நாட்டின் பெயரைச் சொன்னாள். அன்றிலிருந்து அந்த நாட்டைப் பற்றி டிவியில் எது வந்தாலும் இவள் மாடிப்படியில் நின்று குரல் கொடுப்பாள். ஒருமுறை, "உங்க ஊர்ல வெள்ளமாம்மா, உங்க வீட்டுப் பக்கமெல்லாம் எப்படி?" என்று துக்கமே விசாரித்துவிட்டாள். அந்தப் பெண் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, "பரவாயில்லைங்க" என்றாள். நம் பாஷையை அவள் பாதி என்னிடம்தான் கற்றாள், அதாவது என் டிரைவிங் ஸ்கூலில். அதனால் இவள் என்னைப் பிடித்துக் கத்திக்கொண்டிருக்கும்போது உள்ளே வந்தால், "அக்கா, கிளட்சை மெதுவா விடுங்க" என்பாள். இவளுக்கு அதைக் கேட்டால் சிரிப்பு வந்துவிடும். நான் பிழைத்துக்கொள்வேன்.

அந்தப் பெண்ணுக்குக் கார் மட்டும் வரவில்லை. லைசென்ஸ் டெஸ்டில் கோட்டை விட்டுக்கொண்டே இருந்தாள். காரணம் அவள் மடியில் இருந்தது. ஆறு பக்கமும் ஆறு நிறமாக ஒரு கட்டை, திருகித் திருகி நிறம் சேர்ப்பார்களே, கியூப், அதுதான். சிக்னலில் சிவப்பு விழுந்ததும் எடுத்துவிடுவாள். பச்சை விழுவதற்குள் ஆறு பக்கத்தையும் சேர்த்துவிட்டுக் கியர் போடுவாள். "ஏம்மா, ரோட்டைப் பார்க்கப் போறியா, கட்டையைப் பார்க்கப் போறியா?" என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன். "இதைப் பார்க்கவே வேண்டாம் சார், ரோட்டைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றாள். பிறகு கவனித்தேன், உண்மைதான். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். யாருமில்லையாம். அவள் ஊர்த் துறைமுகத்தில் ஒரு வெளிநாட்டு மாலுமி விட்டுப்போன கட்டை கைக்குக் கை மாறி அவள் வீட்டுக்கு வந்ததாம். அதைச் சேர்க்க வழி உண்டு என்று சொல்ல அங்கே ஆளில்லை. அவளாகவே மாதக்கணக்கில் முட்டி மோதிக் கண்டுபிடித்தாளாம்.

இதற்கென்று உலக அளவில் போட்டி நடக்கிறது என்பதை அவளுக்குச் சொன்னவன் நான்தான். என்னிடம் கார் பழக வந்த ஒரு கணக்கு வாத்தியார் எனக்குச் சொன்னார். எந்த ஊரில் போட்டி நடந்தாலும், கலந்துகொண்டவர் பெயர், நாடு, எடுத்த நேரம் எல்லாம் உலகத்துக்கே பொதுவான ஒரு பட்டியலில் ஏறிவிடுமாம். அந்த மாதம் நம் ஊர் விளையாட்டு அரங்கிலேயே ஒரு போட்டி. போய்த்தான் பாரேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே காரில் அழைத்துப் போனேன். ஓட்டியதும் நானே.

வாசலில் ஒரு மேஜை. அதன் பின்னால், கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெண். "எந்த நாடு?" என்றாள். நம்மவள் வழக்கமான பெயரைச் சொன்னாள். மேஜைப் பெண் அடையாளச் சீட்டை வாங்கிப் பார்த்தாள். "இதுல வேற போட்டிருக்கே?" என்றாள். நான் எட்டிப் பார்த்தேன். நான் கேள்விப்பட்டேயிராத ஒரு பெயர் இருந்தது. வெளியாட்கள் உள்ளே போக முடியாத, உள்ளே இருப்பவர்கள் வெளியே வர முடியாத, போனும் தபாலும் எட்டாத நாடாம். இரண்டு வருடமாக நாங்கள் விசாரித்த வெள்ளமெல்லாம் பக்கத்து நாட்டு வெள்ளம், அக்கா.

"நிஜப் பேரைச் சொன்னா, ஒண்ணு யாருக்கும் தெரியாது. தெரிஞ்சவங்களோ, ஐயோ அங்கேயான்னு முகத்தை ஒரு மாதிரி வச்சுக்குவாங்க. அதுக்கு இது சுலபம் சார்" என்றாள். நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டேன்.

மேஜைப் பெண் கம்ப்யூட்டரில் தேடினாள். பிறகு எழுந்துபோய்ப் போட்டித் தலைவரைக் கூட்டி வந்தாள். அவர் குனிந்து பார்த்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார். "இந்த நாட்டுலேர்ந்து இதுவரைக்கும் ஒருத்தர்கூட வந்ததில்லைம்மா. உலகத்துல எங்கேயுமே. நீங்கதான் முதல் ஆள்" என்றார். அவர் முகத்தில், வீட்டில் இரட்டைக் குழந்தை பிறந்த மாதிரி ஒரு பூரிப்பு. நம்மவள் முகத்தில் ரத்தமே இல்லை. "பக்கத்து நாடுன்னே போட்டுக்கங்களேன்" என்றாள். "குடியுரிமை இருக்கிற நாட்டைத்தாம்மா போட முடியும்." "அப்ப எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

காரில் உட்கார்ந்துகொண்டு கட்டையைச் சேர்ப்பதும் கலைப்பதுமாக இருந்தாள். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வீட்டுக்கே போய்விடலாமா என்றேன். கட்டையைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "எங்க அண்ணன் அங்கே இருக்கான் சார். சர்க்கார் வேலை. வெளிநாட்டுல என் பேர் எங்கேயாவது வந்தா அவனைத்தான் கேப்பாங்க." நமக்குத் தெரிந்த சர்க்கார் உத்தியோகஸ்தர் அத்தான் ஒருவர்தான். அவரை யாரும் எதுவும் கேட்டதாகச் சரித்திரமில்லை. ஆனாலும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அந்தப் பட்டியலை அங்கே பார்ப்பாங்களாம்மா?" என்று கேட்டேன். "அங்கே இன்டர்நெட்டே கிடையாது. யாரால பார்க்க முடியும்?" என்றாள். சொன்ன பிறகு அவள் கை நின்றுவிட்டது. பார்த்துத் தொந்தரவு கொடுக்க ஆளில்லை என்பதும் பார்த்துப் பெருமைப்பட ஆளில்லை என்பதும் அங்கே ஒரே விஷயம்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைத்தது. கதவைத் திறந்து இறங்கினாள். "சரி சார், முதல் கியர்" என்றாள்.

உள்ளே போனால் வரிசையாக மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நேரம் காட்டும் கருவி, எதிரே ஒரு நடுவர். ஆளுக்கு ஐந்து வாய்ப்பு. பக்கத்து மேஜைகளில் பால் பல்கூட விழாத வாண்டுகள் பத்து விநாடியில் முடித்துவிட்டு மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தன. நம்மவள் வாழ்க்கையில் முதல்முறையாக நாலு பேர் பார்க்கக் கட்டையைத் தொடுகிறாள். முதல் வாய்ப்பில் கட்டையே தெறித்துச் சிதறி, ஒரு துண்டு நடுவரின் நாற்காலிக்குக் கீழே ஓடி, இருவரும் தரையில் தவழ்ந்து தேடினார்கள். அந்த வாய்ப்பு கணக்கில் இல்லை. இரண்டாவதில் ஒரு நிமிடத்தையும் தாண்டிவிட்டது. சிக்னலில் இதைவிட எத்தனையோ வேகமாகச் செய்பவள்! நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். அப்போது ஒலிபெருக்கியில், "புதிய தேசிய சாதனை!" என்றார்கள். அரங்கம் முழுக்கக் கைதட்டல். யாரடா அந்தப் பிரகஸ்பதி என்று நானும் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் புரிந்துகொண்டேன். அந்த நாட்டில் வேறு ஆளே இல்லாததால், நம்மவள் எத்தனை நேரத்தில் முடித்தாலும் அதுதான் சாதனை. மூன்றாவது வாய்ப்பில் கொஞ்சம் கை பழகியது. அந்தச் சாதனை முறிந்தது. நான்காவதில் அதுவும் முறிந்தது, ஐந்தாவதில் அதுவும். ஒரு தேசத்தின் சாதனை ஒரே காலையில் அத்தனை தடவை முறிவதை வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு, பாரத்தில் புரியாமல், பக்கத்துக்கு நாலே கட்டம் இருக்கிற சின்னக் கட்டைப் போட்டிக்கும் டிக் அடித்து வைத்திருந்தாள். அந்தக் கட்டையை அவள் கண்ணால்கூடக் கண்டதில்லை. யாரிடமோ இரவல் வாங்கி, நடுவர் இரண்டு முறை கொட்டாவி விடுகிற வரைக்கும் திருகிச் சேர்த்தாள். அதுவும் தேசிய சாதனை.

மொத்தத்தில் அவளுக்குக் கடைசிக்கு முந்தைய இடம். கடைசி இடம் மணிக்கட்டு பிசகிப் பாதியில் எழுந்து போனவருக்கு. ஆனாலும் போட்டித் தலைவர் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, அவசர அவசரமாக ஒரு தாளில் அச்சடித்த அவள் நாட்டுக் கொடியைக் கையில் கொடுத்தார். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தப்பா இருக்காம்மா?" என்று பதறினார். "இது பழைய கொடி. இப்போ இருக்கிறவங்க மாத்திட்டாங்க" என்றாள். அவர் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்று நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, "நீங்கதான் இவங்களுக்குப் பயிற்சியாளரா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். இதில் ஏதாவது பொய் இருக்கிறதா, நீயே சொல். மறுநாள் படத்தோடு போட்டுவிட்டார்கள். அதிலிருந்து டிரைவிங் ஸ்கூல் வாசலில் பெற்றோர்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கார் பழக ஒருவரும் வருவதில்லை. எதிர்வீட்டுப் பல் டாக்டர் இத்தனை காலமாக என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், இப்போது, "உங்க சாம்பியன் சௌக்கியமா?" என்கிறார். இவள் மாடிக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டுவிட்டாள், ஜன்னலுக்குத் திரையும் தைத்துவிட்டாள். போன வாரம், "வெள்ளத்தைப் பத்தியெல்லாம் கேட்டேனே, மனசுல வச்சுக்காதேம்மா" என்று மன்னிப்பும் கேட்டாயிற்று. அந்தப் பெண்ணோ, "அந்த வெள்ளத்துக்காவது யாராவது என்கிட்ட விசாரிச்சாங்களே அக்கா" என்றாள். இவள் சமையலறைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

இப்போது சொல், அக்கா. ஒரு நாட்டின் முதல் ஆளும் ஒரே ஆளுமாக இருப்பவளைப் பார்த்து, என் அக்கா மகன் வருகிறான், நீ கிளம்பு என்று எந்த வாயால் சொல்வேன்? மருமகன் நல்ல பிள்ளை. ஆனால் அவனைப் போல நம் நாட்டில் கோடிப் பேர் இருக்கிறார்கள். அவனுக்கு வேறு அறை பார்த்துத் தருவது என் பொறுப்பு. "உங்க அக்கா கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்" என்று இவளும் தைரியம் சொல்கிறாள். அதனால்தான் போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கங்கள். மருமகனுக்கு எங்கள் இருவரின் மனப்பூர்வமான ஆசிகள். வேலையில் சீக்கிரம் மேலே வரட்டும், எங்கள் மாடியைத் தவிர.

இப்படிக்கு,
என்றும் உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது வாசல் மணி அடித்தது. அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஓர் அம்மாள், கையில் அந்தப் பத்திரிகை. பக்கத்து ஊரில் சலவைக் கடை வைத்திருக்கிறாராம். அவரும் அந்த நாடுதான்; அவரும் இத்தனை வருடமாக எல்லோரிடமும் பக்கத்து நாடு என்றே சொல்லி வந்திருக்கிறார். மேலே அனுப்பினேன். அந்தப் பெண் அவ்வளவு சத்தமாகப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவளே கீழே இறங்கி ஓடி வந்தாள். "சார், அவங்க என்னைவிட வேகமாச் சேர்க்கிறாங்க! கடையில துணி சுத்துற நேரமெல்லாம் கட்டையைத்தான் திருகுவாங்களாம். அடுத்த போட்டிக்கு வர்றாங்களாம். நான் தோத்துடுவேன்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. சலவைக் கடை மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறதாம். மாசக் கடைசியில் அங்கே போய்விடுகிறாளாம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். மருமகனைத் தாராளமாக அனுப்பு. மெத்தை புதிது. ஆனால் அதற்கு முன்னால் மட்டும் அனுப்பிவிடாதே. பொழுது சாய்ந்துவிட்டது, அவர்கள் இன்னும் மேலே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.