சங்கு அண்ணாச்சியும் பிலாத்துவின் தண்ணீரும்

தூத்துக்குடியில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லோரும் கூடி ஒரே ஒரு மனிதரைத் தொழில் எதிரி என்று அறிவிப்பதாக இருந்தால், அது எங்கள் தெரு சங்கு அண்ணாச்சியாகத்தான் இருக்கும். அவர் நிற்கிற இடத்தில் மைக்குக்கு வேலை கிடையாது. மில் சங்கு ஊதுவது நின்றுபோன பிறகு எங்கள் தெருவுக்கு மணி சொல்ல ஆளில்லாமல் இருந்தது. காலையில் அண்ணாச்சி தம் வீட்டுக்குள் உட்கார்ந்து, "ஏளா, காப்பி!" என்று கேட்பார். தெருவே எழுந்து பாய் சுருட்டும். அப்படி வந்த பெயர்தான் சங்கு. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருக்கே ரேஷன் கடையில் கூப்பிட்டால்தான் ஞாபகம் வரும்.

அவர் துறைமுகத்தில் டக் படகில் சிராங்காக இருந்தவர். பெரிய கப்பல்களை முட்டியும் இழுத்தும் தளத்தில் கொண்டு சேர்க்கிற குட்டிப் படகுதான் டக். அதில் ஆட்களை வேலை வாங்குகிறவர் சிராங்கு. கையில் வாக்கி டாக்கி உண்டு. ஆனால் அண்ணாச்சி பேசி முடித்துவிட்டு, அதிகாரிகளின் மனத் திருப்திக்காகக் கடைசியில் ஒரு தடவை பட்டனை அழுத்துவார். நான் அப்போது ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. வெளிநாட்டுக் கேப்டன் ஒருவர் என்னிடம் வந்து, "கீழே படகில் நிற்கிறவர் இவ்வளவு கோபப்படும்படி நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்டார். அண்ணாச்சி அவருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட தொண்டையைக் கோயில் சும்மா விடுமா? தவக்காலம் வந்தால் எங்கள் தெருவில் பாஸ்கு போடுவோம். இயேசுவின் பாடுகளை நாடகமாக நடிப்பதற்குக் கடற்கரையில் அந்தப் பெயர். இயேசுவாக ஆட்டோ ஓட்டும் அந்தோணி. இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தண்ணீரில் கை கழுவிக்கொள்ளும் பிலாத்துவாக ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார். திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுப்பவன் நான். இயேசுவைத் தூணில் கட்டிச் சாட்டையால் அடிக்கும் சேவகர் தலைவன், வேறு யார், அண்ணாச்சிதான். அவர் மேடையில் ஏறி மீசையை முறுக்கினால் முன்வரிசைப் பிள்ளைகள் பின்வரிசைக்கு ஓடும். வருடம் பூராவும் அவர் காத்திருந்தது அந்த ஒரு சாயங்காலத்துக்குத்தான்.

ஓய்வுபெற்ற மறு வருடம் அவருக்குச் சிறுநீர் சரியாகப் போகவில்லை. திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பரிசோதனை எல்லாம் முடிந்து, ப்ராஸ்டேட் சுரப்பியில் கேன்சர் என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். ஆண்களுக்குரிய ஹார்மோன்தான் அதற்குத் தீனி. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போட்டு அந்தத் தீனியை நிறுத்திவிடலாம், கட்டுக்குள் வைக்கலாம் என்றார். பக்க விளைவுகளையும் ஒளிக்கவில்லை. உடம்பு திடீரென்று காந்தும், வியர்த்துக் கொட்டும், அசதி இருக்கும், எடை கூடும், காரணமில்லாமல் அழுகை வரும், தாம்பத்தியத்தில் நாட்டம் குறையும் என்று அடுக்கினார்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் கெடக்கட்டும் டாக்டர். சத்தம் கொறையுமா?" என்றார்.

"சத்தமா? தொண்டைக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்பக் குத்துங்க."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஒரு கட்டளை வந்தது. "ஏலே, தெருவுல யாரும் கேட்டா கிட்னில கல்லுன்னு சொல்லு, கேட்டியா."

இதில் அண்ணாச்சியைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தெருவில் ஆண்களுக்கு இடுப்புக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே என்ன வந்தாலும் அதற்குக் கிட்னி என்றுதான் பெயர். நானும் அப்படியே சொல்லிவைத்தேன். விளைவு, மறுநாளிலிருந்து வீட்டுக்கு வீடு வாழைத்தண்டுச் சாறு வரத் தொடங்கியது. ஏற்கெனவே நாற்காலிக்கும் பாத்ரூமுக்குமாக அலைந்துகொண்டிருந்த மனிதர், மறுக்கவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல் பாத்ரூம் வாசலிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும். அந்த மதினியிடம் மறைக்க அவரால் முடிந்ததில்லை.

கொஞ்ச நாளில் டாக்டர் சொன்ன காந்தல் வந்தது. எங்கள் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இது அதையும் மிஞ்சி உள்ளேயிருந்து வருகிற வெயில். பூசையில் எல்லோரும் முழங்காலில் நிற்கும்போது அண்ணாச்சி மட்டும் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டு எழுந்து வெளியே போவார். பிறகு தினமும் காலையில் ஆளையே காணவில்லை. மீன்பிடித் துறைமுகம் பக்கம் போகிறார் என்று ஒரு பேச்சு வந்தது. அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறதென்று அடுத்த பேச்சும் தயாரானது. "எதுக்கும் ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வாங்க தம்பி" என்று மதினி என்னை அனுப்பினார்.

இன்னொரு குடும்பம் இருக்கத்தான் செய்தது. எல்லாம் ஐஸ் கட்டிகள். மீன்பிடி லாஞ்சுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கும் கம்பெனிக்குள், ஒரு முழு ஐஸ் பாளத்தின் மேல் சாக்கை விரித்து, வெற்று உடம்போடு கைலியில் உட்கார்ந்திருந்தார் அண்ணாச்சி. வேலையாட்கள் காதில் துண்டைக் கட்டிக்கொண்டு நடுங்கினார்கள்.

"வால, வந்து உக்காரு. சாமியாரு மேல காட்டுதாரு, ஆனா சொர்க்கம் இங்கனதான் இருக்கு" என்றார்.

நான் போய்ச் சொன்னதும் மதினி சிரித்த சிரிப்பில் குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு மாச வெலக்கு நின்ன வருசம் நானும் இப்பிடித்தான் தம்பி வெந்தேன். அடுப்புக்கு முன்னால நின்னுக்கிட்டே வெந்தேன். அப்ப இவுக என்ன சொன்னாக தெரியுமா? 'ஏளா, ரொம்ப நடிக்காத'ன்னாக."

சிரித்து முடித்ததும் தம்முடைய பனையோலை விசிறியை எடுத்து வைத்தார். அன்றிலிருந்து அண்ணாச்சிக்கு அவர்தான் டாக்டர். பருத்திச் சட்டை, பிடரியில் ஈரத் துண்டு, கொதிக்கக் கொதிக்கக் காப்பி கிடையாது, விடிந்ததும் கடற்கரை ஓரமாக நடை. நோயின் பெயரைச் சொல்லாமல் மதினி கூப்பிட, சந்தேகம் தீர்க்க அவருடைய தோழிகளான கருவாட்டுக்காரப் பெண்கள் வந்தார்கள். அதுவரை பெண்களிடம் காப்பி கேட்பதைத் தவிர வேறு பேச்சே பேசியிராத மனிதர், அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, "ஏளா மேரி, ஒனக்கு மொதல்ல நெஞ்சுல ஏறுமா, கழுத்துல ஏறுமா?" என்று விசாரித்துக்கொண்டிருந்ததை நான் என் காதால் கேட்டேன். தெருவும் கேட்டது. எதைப் பற்றிய பேச்சு என்று புரியாமல் தவித்தது.

காந்தலை விசிறியால் சமாளித்தோம். அழுகைதான் பிடி கொடுக்கவில்லை. டிவியில் சோப்பு விளம்பரம் பார்த்து அழுதார். மதினி வாங்கிவந்த சீலா மீனின் கண்ணைப் பார்த்து அழுதார். பிறகு குழம்பு இவ்வளவு ருசியாக இருக்கிறதே என்று அழுதார். வீட்டோடு இருந்தவரை பரவாயில்லை. பாஸ்கு ஒத்திகை தொடங்கியதும் எனக்கே பயம் வந்துவிட்டது. சாட்டையைக் கையில் எடுத்தாலே மூக்கை உறிஞ்சினார். கண்ணில் தூசி என்று சமாளித்தார். துறைமுகத்தில் கரி இறக்குகிற ஊர் என்பதால் எல்லோரும் நம்பினார்கள்.

அடுத்த ஊசி பாஸ்குவுக்கு முந்தின வாரம் வந்தது. ஒத்திகை முடிந்து வீட்டு வாசலில் என்னை நிறுத்தி, அண்ணாச்சி தம்முடைய வாழ்நாளிலேயே மிகத் தாழ்ந்த குரலில் ஒரு ரகசியம் சொன்னார்.

"ஏலே, இந்த ஊசிய நான் போடப்போறதில்ல. டாக்டரு தள்ளி வச்சுட்டாருன்னு ஒன் மதினிட்ட சொல்லிருவோம். இத ஒண்ண விட்டுட்டா பழைய ஆளா ஆயிருவம்லா."

"அண்ணாச்சி, வெளையாடாதிய. அது கேன்சரு."

"சாட்டையக் கையில வச்சிக்கிட்டு ஊரு முன்னால நான் அழுதேன்னா, அதுக்கப்புறம் எனக்கு என்னல இருக்கு?"

இதைச் சொல்லும்போது அவர் விளையாடவில்லை.

ஆனால் அண்ணாச்சியின் தாழ்ந்த குரல் என்பது மற்றவர்களுக்குச் சண்டை. குசினியிலிருந்து மதினி கரண்டியோடு வெளியே வந்தார்.

"ஊசிய விட்டா அழுக நின்னுருமோ? உள்ள போன மருந்து எறங்க மாசக்கணக்காவும்னு நர்சம்மா எங்கிட்ட போன்ல அப்பவே சொல்லியாச்சு. நீங்க பாட்டுக்கு அழுதுக்கிட்டுதான் இருப்பிய. நோயி மட்டும் நல்லாத் தின்னு வளரும்."

அண்ணாச்சி தரையைப் பார்த்தார்.

"நீங்க அழுதா நான் இருக்கேன், தொடச்சி விட. நீங்க இல்லாம நான் அழுதா யாரு இருக்கா?"

மதினியின் குரல் உடையவில்லை. அண்ணாச்சிதான் தேம்பித் தேம்பி அழுதார். அது ஊசியின் அழுகை இல்லை என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் திருநெல்வேலிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். தெருவுக்கு அந்த ரகசியத்தில் 'ஊசி' என்கிற சொல் மட்டும்தான் தெளிவாக விழுந்திருந்தது போலிருக்கிறது. வாழைத்தண்டு நின்று பாகற்காய்ச் சாறு வரத் தொடங்கியது.

பாஸ்கு அன்று சாயங்காலம் தெரு நிறைந்திருந்தது. தகரக் கவசமும் சிவப்புத் துணியுமாக அண்ணாச்சி மேடைக்கு வந்தார். மீசையை முறுக்கினார். பிள்ளைகள் பின்வரிசைக்கு ஓடின. நான் திரைக்குப் பின்னால் மாதாவை வேண்டிக்கொண்டு நின்றேன். தூணில் கட்டியிருந்த அந்தோணியின் முதுகில் சர்பத் சாயத்தால் ரத்தம் வரைந்திருந்தார்கள். அண்ணாச்சி சாட்டையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"யார் உன்னை அடித்தது" என்று நான் எடுத்துக்கொடுத்தேன். அவர் சொல்லவில்லை. உதடு கோணியது. அடுத்த நொடி, டக் படகில் கயிறு அறுந்தால் போடுவாரே ஒரு சத்தம், அந்தச் சத்தத்தில் ஓவென்று அழத் தொடங்கினார்.

"அண்ணே, அடிங்கண்ணே. அடுத்த சீனு போவணும்லா" என்று இயேசு பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினார்.

"முடியலல அந்தோணி… பாவம்ல நீ…"

இது போதாதென்று தகரத்துக்குள் காந்தலும் ஏறிவிட்டது. அண்ணாச்சி கவசத்தைப் பிய்த்து எறிந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிலாத்து கை கழுவுவதற்காக வைத்திருந்த பித்தளைச் சட்டி கண்ணில் பட்டது. அதைத் தூக்கி அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டு, "அம்மாடி" என்று மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தெருவில் பெண்கள் விம்மத் தொடங்கினார்கள். "மனந்திரும்பிட்டான் பாரு சண்டாளன்" என்றது ஒரு குரல். பங்குச் சாமியார் மேடையேறி மைக்கைப் பிடித்தார். கல்நெஞ்சனான சேவகன் கண்ணீரால் ஞானஸ்நானம் பெற்றதை நம் கண்ணால் கண்டோம் என்று உருக்கமாகத் தொடங்கினார். விட்டிருந்தால் எங்கள் தெருவில் அதன் நினைவாக ஒரு கெபிக் கோயிலே கட்டியிருப்பார்கள்.

அண்ணாச்சி சொட்டச் சொட்ட எழுந்தார். சாமியார் மைக்கை நீட்டினார். அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவர் பேசினார்.

"சாமி, மாதா மேல ஆணையா இது மனந்திரும்புதல் இல்ல. ஊசி. எனக்குக் கிட்னில கல்லும் இல்ல, சக்கரையும் இல்ல. வாழத்தண்டு, பாவக்கா குடுத்த அம்புட்டு பேருக்கும் நன்றி, இனிமே குடுக்காதிய. எனக்கு ப்ராஸ்டேட்டுல கேன்சரு. அதுக்குப் போடுத ஊசில ஒடம்பு காந்துது, அழுக வருது. நான் அழுதுக்கிட்டே இருந்துட்டுப் போறேன். ஆனா இருப்பேன். ஏலே, ஒண்ணுக்குப் போவ மொனங்கிக்கிட்டு, வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு கெடக்க ஆம்பளைய எல்லாம் மொதல்ல போயி டாக்டரப் பாருங்கல!"

எந்த ஆணும் பக்கத்து ஆணின் முகத்தைப் பார்க்கவில்லை. கை கழுவத் தண்ணீர் இல்லாமல் நின்றுகொண்டிருந்த பிலாத்து மெதுவாக அண்ணாச்சியின் காதருகே குனிந்தார். "எனக்கும் கொஞ்ச நாளா அப்பிடித்தான் இருக்கு சங்கு. எந்த டாக்டரு?" என்றார். வாத்தியார் சட்டையில் சின்ன மைக் குத்தியிருந்தது. தெரு முழுக்கக் கேட்டது.

அதற்கடுத்த வாரம் திருநெல்வேலி பஸ்ஸில் எங்கள் தெரு ஆண்கள் பலரைப் பார்த்ததாகக் கண்டக்டர் சொன்னார். எல்லோரும் தனித்தனி சீட்டில், ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல உட்கார்ந்திருந்தார்களாம். வாத்தியாருக்கு வெறும் வீக்கம்தான், மாத்திரையில் சரியானது. ஒருவருக்கு மட்டும் நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தார்கள். அவர் யார் என்று நான் எழுதமாட்டேன். கேட்டால் கிட்னி என்பார்.

அண்ணாச்சிக்கு இப்போதும் ஊசி ஓடுகிறது. நோய் அடங்கிக் கிடக்கிறதென்று டாக்டர் சொல்கிறார். காந்தலும் அழுகையும் அடங்குவதாகக் காணோம். பாஸ்கு கமிட்டி அந்த அழுகையை நாடகத்தில் நிரந்தரமாகச் சேர்த்துவிட்டது. மணப்பாட்டிலிருந்தெல்லாம் வேன் வைத்து வந்து பார்க்கிறார்கள். காலையில் "ஏளா, காப்பி!" என்று சங்கு ஊதுவதும் நிற்கவில்லை. வெளியூர் போயிருந்து ஒருநாள் அந்தச் சத்தம் இல்லாமல் விழித்தால் எனக்கு அன்று முழுவதும் எதுவும் ஓடாது.

இந்த வருடமும் பாஸ்குவுக்கு மேடைச் சாமான்களை நான்தான் எடுத்துவைத்தேன். இரண்டு பித்தளைச் சட்டிகளில் தண்ணீர். ஒன்று, பிலாத்து கை கழுவ. இன்னொன்று எங்கள் அண்ணாச்சிக்கு. அதில் மட்டும் ஐஸ் போட்டிருக்கிறேன்.