தூசி விசாரணைக் குழு

ஆம்பூருக்கு வெளியே மூடிக் கிடந்த ஷூ கம்பெனியில் அரசாங்கம் சிப் செய்ய ஆரம்பித்தது. டி.வி. ரிமோட்டுக்குள்ளே நகத்தைவிடச் சின்னதாக ஒரு கறுப்புத் துண்டு இருக்குமே, அதுதான். வாசலில் 'நாட்டின் தன்மானச் சின்னம்' என்று போர்டு வைத்தார்கள்.

சிப்புக்கு எதிரி தூசி. ஒரு துளி விழுந்தாலும் சிப் செத்துப்போகும். அதற்காகக் கண்ணாடி அறை கட்டி, தூசியை எண்ண ஒரு மெஷினும் வைத்து, ராவும் பகலும் ஏ.சி. ஓடவிட்டார்கள். உள்ளே போகிறவர்கள் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். அங்கேதான் ஹெப்சிக்கு வேலை. மாசக் கடைசிக்குள் ஒரு நல்ல சிப்பாவது சென்னைக்குப் போகாவிட்டால் இந்தச் சிப் மையத்தையே மூடிவிடுவார்கள். அவள் பழையபடி ஷூவுக்குப் பசை தடவப் போக வேண்டியதுதான். அந்த வாசனைக்கே அவளுக்குத் தலை பிளக்கும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்திருக்கும். அதற்குள் மே மாசம் வந்துவிட்டது. வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தனி அதிகாரி ஞானமுத்து 'தேசிய முக்கியத்துவம் கருதி' தன் மேஜையைக் கண்ணாடி அறைக்குள் போட்டுக்கொண்டார். பின்னாலேயே கோப்புகள் வந்தன. கோப்பைத் தூக்கிவந்தவர்கள் போகவில்லை. அவர்களைத் தேடி வந்தவர்களும் போகவில்லை. வெள்ளை உடுப்பு பேஜார் என்று ஒருத்தரும் போடவில்லை. மத்தியானம் பிரியாணி வந்தது.

மறுநாள் ஹெப்சி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சிப் மேலே பாறாங்கல் மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது.

"சார், நீங்கல்லாம் வெளிய போனாத்தான் சிப் வரும்."

"ஆதாரம் இருக்காம்மா?"

"பிரியாணிக்குத் தொட்டுக்கினீங்களே கத்திரிக்கா, அதோட விதை சார்."

ஞானமுத்து யோசித்தார். "விதைன்னா அது விவசாயத் துறைம்மா. நமக்கு வராது."

ஆனாலும் புகார் புகார்தானே. 'தூசியின் தோற்றுவாயை ஆராயும் உயர்மட்டக் குழு' அமைத்தார்கள். குழு எங்கே உட்கார்ந்தது? அதே அறையில். பக்கத்துத் தோல் கம்பெனிதான் காரணம் என்று முதலாளி இஷ்தியாக் அகமதுவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவர் கோபமாக வந்தார், குளிர் பட்டதும் சாந்தமானார், சாயங்காலத்துக்குள் குழுவில் உறுப்பினரே ஆகிவிட்டார்.

ரொம்ப ஆராய்ந்து முடிவு சொன்னார்கள். தூசியை எண்ணும் மெஷின் வருவதற்கு முன்னால் தூசி என்று ஒரு புகாரும் இல்லை. ஆகவே மெஷினைத் தூக்கி வெளியே வைப்பது. வைத்தார்கள். அன்றைக்கே தூசி பூஜ்யம். அந்தச் சந்தோஷத்தில் ஆற்காடு மக்கன் பேடா சாப்பிட்டுவிட்டு, சர்க்கரைப் பாகு ஒட்டிய விரலாலேயே சிப்பை எடுத்துப் பெட்டியில் போட்டு அனுப்பினார்கள்.

சென்னை ஏ.சி. அறையில் அது பாஸ் ஆகிவிட்டது. அங்கேயும் மே மாசம்தானே.

ரிமோட் கடைக்கு வந்தது. அமுக்கினால் ஒன்றும் நடக்காது. ஜனங்கள் இன்னா செய்தார்கள்? தொடையில் நாலு தட்டு தட்டினார்கள். பேட்டரியைக் கழற்றி வெயிலில் காயவைத்தார்கள். ஹெப்சியோடு வேலை செய்கிற தில்ஷாத்தே, "பேட்டரி வீக்குடி, சிப்பு இன்னா பண்ணும்?" என்றாள். புகார் என்று ஒருத்தரும் வரவில்லை. மையத்துக்குத் தரச் சான்றிதழ் வந்தது.

ஹெப்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை போனாலும் போகட்டும், இன்றைக்கு எல்லாரையும் வெளியே அனுப்பாமல் விடுவதில்லை என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து உச்சி வெயிலில் நடந்தே வந்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தாள். ஜில்லென்று காற்று முகத்தில் அடித்தது.

ஞானமுத்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கதவைச் சாத்தும்மா. தூசி வருது."

சாத்தினாள், உள்பக்கம் நின்றுகொண்டு.